இறகுத் தலையணியை எப்படி அடையாளம் காண்பது?

நீங்கள் கேட்டவை மூன்று. எந்தெந்த மக்கள் எந்தெந்தப் பறவையின் இறகைத் தலையணிக்கு எடுத்துக்கொண்டார்கள் என்பது முதல் கேள்வி. அந்த நிறங்கள் இயற்கையானவையா, சாயம் ஏற்றியவையா என்பது இரண்டாவது. உங்கள் குடும்பத்தில் நெடுங்காலமாக இருந்துவரும் ஒரு பழைய இறகுத் தலையணி யாருடையது என்று அறிய வழி உண்டா என்பது மூன்றாவது. முதல் இரண்டையும் மூன்றாவதற்காகவே கேட்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். பழங்குடி மக்களின் கைவினைப் பொருள்களைப் பேணிக் காக்கும் பணியில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில் முதலில் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. இறகைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். தலையணியைத் திருப்பி அதன் உட்புறத்தைப் பாருங்கள். இறகு நெடுந்தொலைவு விலைபோகும் பொருள். உதிரும், பூச்சி அரிக்கும், உதிர்ந்த இடத்தில் வேறொரு பறவையின் இறகு வந்து அமரும். அடியில் இருக்கும் கூடைப் பின்னலும் வலையும் தோலும் நாரும் முடிச்சும் பெரும்பாலும் செய்தவரின் ஊரிலேயே கிடைத்தவை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பதால் அவற்றை மாற்றியமைக்க யாரும் முனைவதில்லை.

இதற்கு மிகச் சிறந்த சான்று உலகிலேயே மிகவும் புகழ்பெற்ற இறகுத் தலையணிதான். மெக்சிகோவில் செய்யப்பட்டு, இப்போது ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் உள்ள உலக அருங்காட்சியகத்தில் இருக்கும் அது, அந்நாட்டை ஆண்ட அஸ்டெக் அரசர் மொக்டெசுமாவின் இறகு முடி என்ற பெயரில் எங்கும் அறியப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ 450 நீண்ட பச்சை இறகுகள் அதில் விசிறிபோல் விரிந்து நிற்கின்றன. அவை கெட்சால் என்னும் பறவையின் ஆணுக்கு மட்டுமே வளர்பவை. மயிலின் தோகை அதன் உண்மையான வால் அன்று, வாலுக்கு மேலே மூடியாக வளரும் இறகுகளே அப்படி நீள்கின்றன என்பதை நம்மில் பலர் அறிவோம், கெட்சாலுக்கும் அப்படியே. ஒரு பறவைக்கு அப்படி மிக நீண்டு வளரும் இறகுகள் மிகச் சிலவே என்பதால், அந்த ஒரு முடிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பறவைகள் தேவைப்பட்டிருக்கும். பச்சை விசிறிக்குக் கீழே உள்ள வளைவான பட்டைகளில் கோட்டிங்கா என்னும் சிறு பறவையின் நீல இறகும், கரண்டிவாயனின் இளஞ்சிவப்பு இறகும், குயிலினத்தைச் சேர்ந்த ஒரு பறவையின் பழுப்பு இறகும், சிறு பொன் தகடுகளும் அடுக்கடுக்காக வருகின்றன.

ஆனால் அந்த நீலத்தை முழுவதும் நம்ப முடியாது. ஐரோப்பாவில் இந்தப் பொருளைப் பற்றிய முதல் பதிவு, ஆஸ்திரியாவின் அம்ப்ராஸ் கோட்டையில் இருந்த பொருள்களுக்கு 1596ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறது. அதில் இது வட ஆப்பிரிக்காவின் மூர் இனத்தவரின் தொப்பி என்று குறிக்கப்பட்டது. பிறகு நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்த இதை 1878இல் ஹொக்ஸ்டெட்டர் என்னும் அறிஞர் மீட்டுச் செப்பனிட ஏற்பாடு செய்தபோது, உதிர்ந்துபோயிருந்த நீல இறகுகளுக்கு ஈடாக மீன்கொத்தியின் இறகையும், காணாமற்போயிருந்த பொன் தகடுகளுக்கு ஈடாகப் பொன்முலாம் பூசிய பித்தளைத் தகடுகளையும் வைத்தார்கள். அவர் அதைத் தலையில் அணிவதாகவே கருதவில்லை, ஒரு கொடி என்று எண்ணினார். அது தலையணிதான் என்று வாதிட்டு நிறுவ முனைந்தவர் 1880களில் எழுதிய செலியா நட்டால் அம்மையார். இறகை மட்டும் பார்த்த ஒருவர் மீன்கொத்தியைக் கண்டு வேறொரு கண்டத்துக்குப் போய்விடக்கூடும். பின்புறத்தில் நார் வலையின் மேல் இறகின் அடித்தண்டுகளை நூலால் வரிசையாகக் கட்டியிருக்கும் முறைதான் அதை மெக்சிகோவுக்கு உரியது என்று உறுதியாகக் காட்டுகிறது.

அந்தக் கைவேலையைச் செய்தவர்கள் அமன்தேகா எனப்பட்ட இறகு வினைஞர்கள். அவர்கள் வேலை செய்த விதத்தை 16ஆம் நூற்றாண்டில் பெர்னார்டினோ டி சாகுன் என்னும் துறவி உள்ளூர் மக்களிடம் கேட்டு விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். பெரிய இறகுகளை நூலால் கட்டுவது ஒரு முறை. சிறு இறகுகளை ஆர்க்கிட் செடியின் கிழங்கிலிருந்து எடுத்த பசையால் ஒட்டுவது மற்றொன்று. ஒட்டும்போது முதலில் விலை குறைந்த, சாயம் ஏற்றிய இறகை அடிப்படுகையாக வைத்து, அதன்மேல் விலை உயர்ந்த இறகைப் பரப்பினார்கள். ஆகவே உங்கள் இரண்டாம் கேள்விக்கு இங்கேயே பாதி விடை இருக்கிறது: சாயம் ஏற்றிய இறகு இருப்பதாலேயே ஒரு பொருள் போலியாகிவிடாது. மொக்டெசுமா அதை அணிந்தாரா என்பது வேறு விஷயம். அப்படிச் சொல்ல ஆவணச் சான்று எதுவும் இல்லை. அஸ்டெக் அரசர்களைக் காட்டும் பழைய ஓவியங்களில் அவர்கள் பெரும்பாலும் நீலக்கல் பதித்த கூர்முனைப் பட்டத்தையே அணிந்திருக்கிறார்கள். மெக்சிகோவின் உயர்ந்த இறகு வேலைப்பாடு அது என்பதில் ஐயமில்லை. அரசரின் பெயர் பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டது என்பதே என் கருத்து.

ஹவாய்த் தீவுகளுக்கு வந்தால் கொள்கை அப்படியே தலைகீழாகிறது. அங்கே நீண்ட இறகே கிடையாது. விரல் நுனி அளவுள்ள இறகுகளை ஆயிரக்கணக்கில் சேர்த்து ஒரே பரப்பாக்குகிறார்கள். மஹியோலே எனப்படும் தலைக்கவசத்தின் உள்ளே இருப்பது, இயேயியே என்னும் கொடியின் விழுதுகளைக் கொண்டு பின்னிய உறுதியான கூடை. தலையின் வடிவத்துக்கு ஏற்ப அதைப் பின்னி, நடுவில் சேவல் கொண்டைபோல் ஒரு முகட்டை எழுப்பி, அதன்மேல் ஓலோனா என்னும் செடியின் நாரால் முடைந்த நுண்ணிய வலையைப் போர்த்துவார்கள். அந்த நார் நனைந்தாலும் எளிதில் நைந்துபோகாத வலிமை உடையது. சிறு இறகுகளைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்து, ஒரு வரிசையின் தண்டை அடுத்த வரிசையின் நுனி மறைக்கும்படி அந்த வலையில் கட்டுவார்கள். சிவப்பு, ஈஈவி என்னும் தேன்குடிப் பறவையிடமிருந்து வந்தது. மஞ்சள், ஓஓ, மாமோ என்னும் கரிய பறவைகளின் உடலில் ஓரிரு இடங்களில் மட்டும் இருந்த சிறு கற்றைகளிலிருந்து வந்தது. மஞ்சள் அரிது, எனவே உயர்ந்தது. குடிகள் ஆண்டுதோறும் அரசருக்குச் செலுத்திய வரியில் இறகும் சேர்ந்திருந்தது.

பறவை பிடிப்பவர்கள் கிளைகளில் ஒட்டுப்பசை தடவிப் பிடித்து, மஞ்சள் இறகுகளை மட்டும் பிடுங்கிக்கொண்டு பறவையைப் பறக்கவிட்டார்கள் என்று பல நூல்களில் படிப்பீர்கள். இதை முழு உண்மையாகக் கொள்ள நான் தயங்குகிறேன். கரிய உடலில் சில மஞ்சள் இறகுகளே உள்ள பறவையை அப்படி விடுவது அறிவுடைய செயல்தான். சில சமயம் அப்படி நடந்திருக்கலாம். உடல் முழுவதும் சிவந்த ஈஈவியை அப்படி விட்டிருக்க முடியாது. எல்லா இறகையும் இழந்த பறவை பிழைக்காது. உறுதியாகத் தெரிந்தது இது: மாமோ 19ஆம் நூற்றாண்டின் இறுதியோடு கண்ணில் படாமற்போனது, ஹவாய் ஓஓ 1930களில் மறைந்தது, ஈஈவி இன்னும் மலை உச்சிக் காடுகளில் அருகி வாழ்கிறது. இந்த அழிவின் பழியைத் தலையணிகளின்மேல் சுமத்துவது நியாயமாகாது. வெளியிலிருந்து கப்பலில் வந்த கொசுவும், அது பரப்பிய பறவை மலேரியாவும், எலியும், காடழிப்பும் செய்த சேதமே பெரிது.

ஹவாய்த் தலைக்கவசங்களில் வரலாறு நன்றாகத் தெரிந்த ஒன்று உண்டு. 1779 ஜனவரி 26 அன்று கலானியோபுவு என்னும் தலைவர் தம் தோளில் இருந்த இறகுப் போர்வையையும் தலைக்கவசத்தையும் ஆங்கிலேயக் கடற்பயணி கேப்டன் குக்கிற்கு அணிவித்தார். மூன்று வாரத்துக்குள், பிப்ரவரி 14 அன்று, குக் அதே கடற்கரையில் கொல்லப்பட்டார். அந்த இரண்டும் இங்கிலாந்து சென்று, பலர் கை மாறி, 1912இல் நியூசிலாந்தின் அருங்காட்சியகத்துக்கு வந்தன. 2016இல் ஹொனலூலுவில் உள்ள பிஷப் அருங்காட்சியகத்துக்குக் கடனாகவும், 2020இல் நிரந்தரமாகவும் திரும்பின. ஒரு தலையணி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதை ஆண்டோடு சொல்ல முடிவது மிக அரிது. அந்த வரலாறு எழுத்தில் இருந்தால் அது இறகைவிட மதிப்புடையது. உங்கள் வீட்டில் பழைய கடிதமோ, ஒளிப்படமோ, கப்பல் சீட்டோ இருந்தால் தேடி எடுத்து வையுங்கள்.

இனி, இறகுத் தலையணி என்றதும் எல்லோர் மனத்திலும் எழும் படம். முகத்தைச் சுற்றிக் கழுகின் வாலிறகுகள் கதிர்போல் நிற்கும் அந்த முடி வட அமெரிக்காவின் சமவெளியில் வாழும் லகோட்டா, செயென், குரோ முதலிய மக்களுக்கு உரியது. அமெரிக்கப் பழங்குடியினர் எல்லோருக்கும் உரியது அன்று. அதில் வெள்ளையும் நுனியில் கருமையுமாக இருக்கும் இறகு, முழு வளர்ச்சி அடையாத பொன் கழுகின் வாலிறகு. வளர்ந்த கழுகின் வாலில் அந்தத் தூய வெள்ளை இராது. ஒரு கழுகுக்கு வாலிறகு 12. ஆகவே 36 இறகு கொண்ட முடிக்கு மூன்று கழுகுகள் வேண்டும். அடித்தளம் மான் தோலால் ஆன குல்லா. ஒவ்வோர் இறகின் அடித்தண்டிலும் தோலால் ஒரு வளையம் செய்து, அதைச் சிவப்புக் கம்பளித் துணியால் சுற்றிக் கட்டி, அடியில் வெண்தூவி வைத்து, குல்லாவில் இட்ட துளைகள் வழியே தோல்வாரால் கோப்பார்கள். எல்லா இறகுகளையும் நடுவில் ஊடுருவிச் செல்லும் இன்னொரு சரடு அவற்றைச் சம இடைவெளியில் நிறுத்தும். இறகுகள் தனித்தனியே அசையும், ஆனால் கலையாது. ஒவ்வோர் இறகும் ஒரு செயலுக்காகப் பெறப்பட்டது. விரும்பியவர் விரும்பியபடி சூடிக்கொள்வது அன்று.

கிழக்கே வாழும் ஹோடனோசோனி கூட்டமைப்பினரின் தலையணி முற்றிலும் வேறு. மரச் சிராய்களை வளைத்துச் செய்த குல்லாவைச் சிறு இறகுகளால் மூடி, உச்சியில் கழுகு இறகை நிறுத்துவார்கள். அந்தக் கூட்டமைப்பில் எந்த இனத்தவர் என்பதை அந்த இறகே சொல்லும். மூன்று நிமிர்ந்த இறகு இருந்தால் அணிந்தவர் மோஹாக். இரண்டு நிமிர்ந்து ஒன்று தாழ்ந்தால் ஒனைடா. ஒன்று நிமிர்ந்து ஒன்று தாழ்ந்தால் ஒனொண்டாகா. ஒன்றே நிமிர்ந்து நின்றால் செனெகா. ஒரே கழுகின் ஒரே இறகுதான். எண்ணிக்கையும் நிற்கும் கோணமும் ஆளை மாற்றிவிடுகின்றன. திரைப்படங்களும் சர்க்கஸ் போன்ற காட்சிகளும் சமவெளி முடியை எல்லாப் பழங்குடியினரின் தலையிலும் ஏற்றிவிட்டதால் இந்த வேறுபாடு வெளியுலகுக்கு மறைந்துபோனது. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது. அமெரிக்காவில் பொன் கழுகின் இறகு 1962 முதல் சட்டப் பாதுகாப்பில் உள்ளது. கீழே உதிர்ந்து கிடப்பதை எடுப்பதும் குற்றம். பழங்குடி மக்களுக்குத் தேவையானதைக் கொலராடோவில் உள்ள அரசின் கழுகுக் களஞ்சியம் வழங்குகிறது. இதனாலேயே சந்தையில் விற்கும் சமவெளி முடிகளில் பெரும்பாலானவற்றின் இறகு, நுனியில் கருமை தீட்டிய வான்கோழி இறகு.

சாயத்தைக் கண்டுபிடிக்க வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள் இரண்டு உண்டு. முதலாவது, இறகின் நடுத்தண்டையும் அடியில் உள்ள மென்தூவியையும் உருப்பெருக்காடியில் பாருங்கள். இயற்கை இறகில் தண்டு பெரும்பாலும் வேறு நிறமாகவும், தூவி வெளிர் சாம்பலாகவோ வெள்ளையாகவோ இருக்கும். தண்டு, தூவி, நுனி எல்லாம் ஒரே நிறமாக இருந்தால் அது சாயத் தொட்டியில் முக்கி எடுக்கப்பட்டது என்று கொள்ளலாம். இரண்டாவது, நீல இறகை ஒளிக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். பறவை இறகில் நீல நிறமி என்று ஒன்று கிடையாது. இழைக்குள் இருக்கும் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் நீலம் தோன்றுகிறது. எனவே ஒளி பின்னாலிருந்து ஊடுருவி வரும்போது இயற்கையான நீலம் மங்கிப் பழுப்பாகத் தெரியும். சாயம் ஏற்றியது அப்போதும் நீலமாகவே தெரியும். கெட்சாலின் பச்சையும் மீன்கொத்தியின் நீலமும் நூற்றாண்டுகள் கடந்தும் பளபளப்பதற்குக் காரணம் இந்த அமைப்பே. சீனாவில் பொன்முலாம் பூசிய தகட்டின்மேல் மீன்கொத்தி இறகை வெட்டி ஒட்டிச் செய்த மகளிர் தலையணிகள் இன்றும் புதிதுபோல் இருப்பதும் அதனாலேயே. மாறாக, கரண்டிவாயனின் இளஞ்சிவப்பு உணவிலிருந்து வரும் நிறமி; வெளிச்சத்தில் வைத்தால் வெளுத்துவிடும்.

அமேசான் காட்டில் மக்கள் இந்த நிற அமைப்பிலேயே கைவைத்தார்கள். கிளிகளை ஊருக்குள் வளர்த்து, பச்சை இறகைப் பிடுங்கி, அந்த இடத்தில் ஒரு தவளையின் சுரப்பையோ செடிச் சாற்றையோ தேய்த்தால் அடுத்து முளைக்கும் இறகு மஞ்சளாக வரும் என்று பழைய பயணிகள் பலர் எழுதியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட மஞ்சள் இறகுகள் அருங்காட்சியகப் பொருள்களில் இருக்கின்றன, அதில் ஐயமில்லை. தவளையின் சுரப்புத்தான் காரணமா என்பது ஐயத்துக்குரியது. கிளியின் பச்சை, மஞ்சள் நிறமியும் நீலம் காட்டும் அமைப்பும் சேர்ந்து உண்டாவது. அந்த அமைப்புக்குப் பின்னால் கரிய நிறமி இருந்தால்தான் நீலம் எழும். இறகைத் திரும்பத் திரும்பப் பிடுங்கி அதன் வேர்ப்பகுதி புண்பட்டுக் கருமை குன்றினால், மஞ்சள் மட்டுமே எஞ்சும். பிடுங்குவதே போதிய காரணம் என்பதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. பிரேசிலின் பொரோரோ மக்களிடம் பஞ்சவர்ணக்கிளி இறகால் ஆன பரிக்கோ என்னும் முடியில் எந்த நிறம் எந்த வரிசையில் வர வேண்டும் என்பது குலத்துக்குக் குலம் வேறு. அந்த வரிசை குலத்தின் உடைமை.

நியூ கினியின் மலைநாட்டில் இன்னொரு சிக்கல். அங்கே சொர்க்கப் பறவையின் தோகைகளை மக்கள் ஒருவருக்கொருவர் இரவல் தருவதும் வாடகைக்குக் கொடுப்பதும் வழக்கம். விழா நாளில் பல வீட்டு இறகுகள் ஒரு தலையில் கூடும். விழா முடிந்ததும் பிரித்து, இலையில் சுற்றியோ மூங்கில் குழாயில் செருகியோ உரியவரிடம் சேர்ப்பிப்பார்கள். அருங்காட்சியகத்தில் ஒரே பொருளாக நிற்பது அங்கே ஒரு நாள் மட்டும் இருந்த சேர்க்கை. பழைய சேகரிப்பாளர்கள் தனித்தனியாக வாங்கிய இறகுகளைத் தாங்களே கட்டி முடித்ததும் உண்டு. புதிய கம்பியும் தொழிற்சாலை நூலும் தெரிந்தால் அதை ஐயுறுங்கள்.

நம் நாட்டில், சங்கப் பாடல்கள் நடுகல்லுக்குப் பீலி சூட்டியதைச் சொல்கின்றன. மயில் ஆண்டுதோறும் தோகையைத் தானே உதிர்ப்பதால் பீலிக்குப் பறவையைக் கொல்லத் தேவையில்லை. வடகிழக்கில் நிலைமை அப்படியன்று. நாகர்களின் தலையணியில் நிற்கும் வெள்ளை இறகு, நடுவே ஒரு கரும்பட்டையோடு, பெரிய இருவாச்சியின் வாலிறகு. அதே பறவை நம் ஆனைமலைக் காடுகளிலும் வாழ்கிறது. கொன்யாக் நாகர்களின் தலையணியில் பிரம்புப் பின்னலும் காட்டுப்பன்றித் தந்தமும் சிவப்புச் சாயமிட்ட ஆட்டு மயிரும் சேர்ந்து வரும். அருணாசலத்தின் நிஷி மக்கள் தங்கள் பிரம்புத் தொப்பியில் இருவாச்சியின் அலகையே வைப்பார்கள். பெண் பறவை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு அடைகாக்கும்போது உணவு கொண்டுவருவது ஆண் பறவை. அதைச் சுட்டால் உள்ளே இருப்பவையும் பட்டினியில் மடியும். இந்திய வனவிலங்கு அறக்கட்டளையும் மாநில வனத்துறையும் கண்ணாடி இழையால் செய்த அலகுகளைக் கொடுத்தபோது நிஷிகள் அவற்றை ஏற்றுக்கொண்டார்கள். போலி இறகு, போலி அலகு என்று அவற்றை இகழ்வதை நான் ஏற்பதில்லை. பிரம்பும் முடிச்சும் அணியும் உரிமையும் அவர்களுடையவையாக இருக்கும்வரை தலையணியும் அவர்களுடையதே.

உங்கள் பொருளைப் பற்றி இப்போது சொல்லக்கூடியது இவ்வளவுதான். நீங்கள் அனுப்பிய படம் முன்புறத்தை மட்டும் காட்டுகிறது. அதை வைத்து இனத்தின் பெயரைச் சொன்னால் அது ஊகமாகவே இருக்கும். உட்புறத்தை நெருக்கமாகப் படமெடுங்கள்: நெற்றிப் பட்டை எதனால் ஆனது, இறகின் அடித்தண்டு மடித்துக் கட்டப்பட்டதா, துளையிட்டுக் கோக்கப்பட்டதா, பசையால் ஒட்டப்பட்டதா, நூல் கையால் திரித்ததா என்பவை தெரிய வேண்டும். அதில் இருவாச்சி இறகு இருந்தால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். விற்கவோ வெளிநாட்டுக்கு அனுப்பவோ எண்ணும் முன் வனத்துறையிடம் கேளுங்கள். பூச்சி அரித்த தடம் இருந்தால் மருந்து அடிக்காமல், பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் மூடி, சுழியத்துக்குக் கீழே 20 டிகிரி செல்சியஸில் ஒரு வாரம் உறையவைத்து, அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே பையைத் திறக்க வேண்டும். சோப்பு நீரால் கழுவவே கூடாது. ஆப்பிரிக்காவின் துராக்கோ பறவையின் சிவப்பு செம்பு கலந்த நிறமி, காரமான நீரில் அப்படியே கரைந்து வெளியேறிவிடும். முக்கியமாக, பழைய சேகரிப்பாளர்கள் பூச்சிக்கு எதிராக ஆர்சனிக்கும் பாதரச உப்பும் தூவிய காலம் ஒன்று இருந்தது. ஆகவே கையுறை இல்லாமல் தொடாதீர்கள். படம் எடுப்பதற்காகக்கூட யாரும், குறிப்பாகக் குழந்தைகள், அதைத் தலையில் வைத்துப் பார்க்க வேண்டாம்.